பங்குக் கிணறும் பொதுக் கணினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பங்குக் கிணறு என்பது பழமையானதோர் ஏற்பாடு. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் ஆண்டுவரும். இன்ன நாளில் இன்னார் இறைப்பது என்னும் முறை உண்டு. வழிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உரிமை உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அக்கிணற்றை ஆழமாக்குவதோ அதன் கட்டை இடித்துக் கட்டுவதோ ஒருவர் தனித்துச் செய்யத்தக்க காரியமன்று. பங்காளர் அனைவரும் கூடி உடன்படல் வேண்டும். ஆயினும், தம் வளவினுள் ஒரு தொட்டியைக் கட்டி, தம் பங்கு நீரை அதில் நிரப்பிக்கொள்வதற்கு எவரும் எவரையும் கேட்கவேண்டியதில்லை. பொதுவானது எது, தனக்குரியது எது என்னும் தெளிவு இருக்கும்வரை கிணற்றடியில் வழக்கு எழுவதில்லை.

இன்று பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் உள்ள கணினி இத்தகைய பங்குக் கிணறே. பலர் அதனைப் பயன்படுத்துவர்; ஆனால் அதன் அடிப்படை அமைப்பை மாற்றும் அதிகாரம் நிர்வாகி எனப்படும் ஒருவரிடமே இருக்கும். இக்கட்டுப்பாடு வீண் அதிகாரத்தால் எழுந்ததன்று. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை, அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1961 ஆம் ஆண்டிலேயே செய்து காட்டப்பட்டது. ஒருவர் செய்யும் தவறு மற்றொருவரின் வேலையை அழித்துவிடலாகாதே என்ற கவலையும் அத்துடன் பிறந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பணிக்கு வேண்டிய அளவு அதிகாரம் மட்டுமே வழங்கப்படவேண்டும் என்னும் கொள்கையை, ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் தெளிவுற வகுத்துரைத்தனர். இன்றைய கணினிகளின் காவல் முறைக்கு அக்கொள்கையே அடித்தளம்.

ஆயினும் கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் இடர்ப்பாடும் தோன்றுவது இயல்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோமாக. ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்திலே கடமையாற்றும் ஆசிரியை ஒருவர். அவருடைய மாணவி ஒருத்தி, வீட்டிலுள்ள கணினியில் பல வாரங்கள் முயன்று, நூலகப் புத்தகங்களின் கொடுக்கல் வாங்கலைக் கணக்கு வைக்கும் செய்நிரல் ஒன்றை ஜாவா மொழியில் எழுதியிருக்கிறாள். மறுநாட் காலையில் அதனை மதிப்பீட்டாளர் முன்னிலையில் இயக்கிக் காட்டவேண்டும். கூடத்துக் கணினியிலோ அது இயங்க மறுக்கின்றது. நிர்வாகக் கடவுச்சொல்லை உடையவர் ஊரில் இல்லை. ஆனால், அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளொன்றில் அக்கடவுச்சொல் எழுதப்பட்டிருப்பதை ஆசிரியை அறிவார். எடுத்துப் பயன்படுத்தினால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். மாணவியோ பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வாசிரியை செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை காணுமுன், செய்நிரல் இயங்க மறுத்த காரணத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஜாவா என்னும் கணினி மொழியை ஜேம்ஸ் கோஸ்லிங் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் ஆக்கினர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை 1995 ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகம் செய்தது. முதலில் ஓக் மரத்தின் பெயரைத் தாங்கியிருந்த அம்மொழி, பின்னர் ஜாவாத் தீவின் பெயரைப் பெற்றது. மணிமேகலை கூறும் சாவக நாடும் சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரும் நேயர்களின் நினைவுக்கு வருதல் கூடும். இம்மொழியில் எழுதப்பட்ட செய்நிரல் நேரே கணினியின் மொழிக்கு மாற்றப்படுவதில்லை. இடைப்பட்ட ஒரு வடிவத்துக்கு மாற்றப்படுகின்றது. அந்த இடைவடிவத்தைக் கணினிக்கு விளங்கவைத்து நடத்திச் செல்வதே இயக்கச் சூழல், அதாவது ரன்டைம், எனப்படும் மென்பொருளின் கடமை. முற்காலத்தில் நம் நாட்டு நீதிமன்றங்களில், நீதிபதிக்கும் சாட்சிக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பு முதலியாரை இதற்கு ஒப்பிடலாம். முதலியார் இல்லையேல் சாட்சியம் இல்லை.

இம்முதலியார் காலத்துக்குக் காலம் புதுச் சொற்களைக் கற்றுக்கொள்கிறார். 2014 இல் ஜாவாவின் 8 ஆம் பதிப்பு வெளிவந்தது. 2018 இல் 11 ஆம் பதிப்பும், 2021 இல் 17 ஆம் பதிப்பும், 2023 இல் 21 ஆம் பதிப்பும் வந்தன. இடைவடிவக் கோப்பு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பதைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 8 ஆம் பதிப்புக்கு 52, 11 ஆம் பதிப்புக்கு 55, 17 ஆம் பதிப்புக்கு 61, 21 ஆம் பதிப்புக்கு 65 என்பன அவ்வெண்கள். புதிய முதலியார் பழைய எண்களைப் பெரும்பாலும் ஏற்பார். பழைய முதலியாரோ தாம் கல்லாத புதிய எண்ணைக் கண்டவுடன் மறுத்துவிடுவார். மாணவியின் வீட்டில் இருந்தது 17. பாடசாலையில் இருப்பது 8. ஆகவே, கோப்பின் எண் 61 என்றும், தன்னால் 52 வரையே அறிய முடியும் என்றும் கணினி திரையில் எழுதிக் காட்டியது. இது பழுதன்று, நேர்மையான மறுப்பு. அவ்விரண்டு எண்களையும் நிதானமாக வாசித்தவருக்கு நோயின் காரணம் உடனே விளங்கிவிடும். பதற்றத்தில் அவ்வறிவிப்பை மூடிவிடுபவரே வழி தெரியாது தவிப்பர்.

அப்படியாயின், நிர்வாகி ஏன் பழைய பதிப்பை நீக்கிப் புதியதை நிறுவவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்கும் நியாயம் உண்டு. 8 ஆம் பதிப்போடு கூட வந்த சில பகுதிகள் 11 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. அப்பகுதிகளை நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருள், புதிய பதிப்பில் ஓடாது நின்றுவிடும். பாடசாலையின் பழைய பதிவேட்டு மென்பொருள் அத்தகையதாக இருப்பின், ஒரு மாணவியின் செய்நிரலுக்காகப் பொதுப் பதிப்பை மாற்றுவது பாடசாலை முழுவதன் அலுவலையும் குழப்பிவிடும். கடன்வாங்கிய கடவுச்சொல்லால் ஐந்து நிமிடத்தில் செய்த வேலையை அவிழ்க்க ஐந்து நாள் வேண்டியிருக்கும். அலுமாரிக் கதவை ஆசிரியை திறவாது விட்டமைக்கு இதுவே முதற் காரணம். கையெழுத்து இடாத உரிமையைக் களவாக ஆள்வதை மாணவி பார்த்துப் பழகலாகாது என்பது அடுத்த காரணம்.

இனி, நேர்மையான வழியைக் காண்போம். ஒரு கணினியில் ஒரே ஜாவாப் பதிப்புத்தான் இருக்கவேண்டும் என்ற விதி கிடையாது. இயக்கச் சூழல் என்பது முடிவாகப் பார்க்குமிடத்து ஒரு கோப்புறையும் அதனுள் அடங்கிய கோப்புகளுமே. நிறுவுவதற்கான பொதி நிர்வாகியின் அனுமதியைக் கேட்கும்; ஆனால் அதே பதிப்பு, சிப் எனப்படும் சுருக்கிய கோப்பாகவும் கிடைக்கின்றது. எக்லிப்ஸ் அடோப்டியம் திட்டத்தினர் வெளியிடும் டெமுரின் என்னும் கட்டற்ற பதிப்பு இவ்வாறு பெறத்தக்கது. ஆசிரியை அதனைத் தமது கணக்குக்குரிய கோப்புறையில் விரித்து வைத்தால் போதும். அவ்விடம் அவருடைய வளவு. அங்கே தொட்டி கட்ட எவருடைய கையொப்பமும் வேண்டா. 32 பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 64 பிட் பதிப்பு ஓடாது என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தொட்டி கட்டியாயிற்று. நீர் எந்தத் தொட்டியிலிருந்து எடுக்கப்படவேண்டும் என்பதை மென்பொருளுக்குச் சொல்வதே அடுத்த படி. இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, முழு முகவரியையும் சொல்லி அழைத்தல். கட்டளைச் சாளரத்தில் ஜாவா என்று மட்டும் எழுதினால் கணினி பொதுப் பதிப்பையே தேடிச் செல்லும். தமது கோப்புறையில் உள்ள ஜாவாவின் முழு முகவரியையும் எழுதினால் அதுவே வரும். ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருக்கும்போது, வீட்டுப் பெயரையும் சேர்த்து அழைப்பது போன்றது இது.

இரண்டாவது, சூழல் மாறிகளைத் திருத்துதல். இவை யூனிக்ஸ் இயங்குதளத்தின் 7 ஆம் பதிப்பில், 1979 இல், தோன்றியவை. பயன்படுத்துநர் ஒருவரின் விருப்பங்களைச் செய்நிரல்களுக்கு அறிவிக்கும் சிறு குறிப்புகள் எனலாம். ஜாவா ஹோம் என்னும் மாறி, ஜாவா இருக்கும் வீட்டைக் குறிக்கும். ஜாவாவை நம்பிய மென்பொருள்கள் பல அதனையே முதலிற் பார்க்கும். பாத் என்னும் மாறி, கட்டளைகளைத் தேடிச் செல்லவேண்டிய கோப்புறைகளை வரிசைப்படுத்தும். விண்டோஸில் இம்மாறிகள் கணினிக்குப் பொதுவாக ஒரு தொகுதியும், ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக ஒரு தொகுதியுமாக இருக்கும். தம் கணக்குக்கு உரியதைத் திருத்த நிர்வாகி வேண்டா.

இவ்விடத்திலேதான் பலர் இடறி விழுகின்றனர். ஜாவா ஹோம் இரு தொகுதியிலும் இருப்பின், கணக்குக்கு உரியதே வெல்லும். பாத் அவ்வாறன்று. பொதுத் தொகுதியின் வரிசையை முன்னும், கணக்கின் வரிசையைப் பின்னுமாக விண்டோஸ் ஒன்றோடொன்று இணைக்கின்றது. முதலிற் கண்டதையே கணினி எடுக்குமாதலால், பொதுப் பதிப்பே மறுபடியும் வந்து நிற்கும். எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லையே என்று மனஞ் சோர்வோர், இந்த முன்பின் முறையை அறியாதவரே.

அதற்கு மாற்று, தொகுதிக் கோப்பு எனப்படும் மூன்று வரிக் கோப்பு ஒன்றாகும். ஜாவா ஹோம் எது என்பதை முதல் வரி கூறும். அவ்வீட்டினுள் இருக்கும் பின் என்னும் உட்கோப்புறையை, ஏற்கனவே உள்ள பாத் வரிசைக்கு முன்னே இரண்டாம் வரி வைக்கும். மூன்றாம் வரி செய்நிரலைத் தொடக்கும். அக்கோப்பைச் சொடுக்கித் திறக்கும் சாளரத்துக்கு மட்டுமே இம்மாற்றம் செல்லும்; சாளரம் மூடப்பட்டதும் அது மறைந்துவிடும். பழைய பதிவேட்டு மென்பொருள் பக்கத்திலே தன் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருப்பின், முகவரியை மேற்கோட் குறிகளுக்குள் இடுவது நல்லது. லினக்ஸ் கணினியிலோ, தமது வீட்டுக் கோப்புறையில் உள்ள தொடக்கக் கோப்பில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் இதே பயன் கிட்டும்.

மூன்றாவது, மென்பொருளின் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதுதல். செய்நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் எக்லிப்ஸ் இதற்குத் தக்க சான்று. அதன் அமைப்புக் கோப்பில் வி எம் என்னும் குறிப்பை ஒரு வரியிலும், இயக்கச் சூழலின் முகவரியை அடுத்த வரியிலும் எழுதவேண்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினாலும், வி எம் ஆர்க்ஸ் என்னும் குறிப்புக்குப் பின்னே எழுதினாலும் பலிக்காது. எக்லிப்ஸ் தான் ஓடுவதற்குக் கொள்ளும் பதிப்பு வேறு. அதனுள் எழுதப்படும் செய்நிரலை ஓட்டக் கொள்ளும் பதிப்பு வேறு. பின்னையதை அதன் விருப்பத் தெரிவுகளில் தனியே குறித்தல் வேண்டும்.

எவ்வழியைக் கையாளினும், இறுதியிற் சோதித்துப் பார்த்தல் தவறலாகாது. ஜாவா தன் பதிப்பெண்ணைத் தானே கூறும் கட்டளை ஒன்று உண்டு; அதனை இட்டு 17 என்ற விடை வருகின்றதா என்று நோக்குக. கணக்கின் மாறியைத் திருத்துமுன் திறந்திருந்த சாளரம் பழைய நிலையையே காட்டுமாதலால், புதிய சாளரத்தைத் திறந்தே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

வேறொரு மாற்றும் உண்டு. வீட்டுக் கணினியிலேயே, 8 ஆம் பதிப்புக்கு உரியதாக இடைவடிவத்தை ஆக்குமாறு கட்டளையிடலாம். ஆனால் புதுப் பதிப்பில் வந்த இலக்கணத்தைக் கையாண்டிருப்பின் அது கைகூடாது. இம்மாணவி, 2021 இல் 16 ஆம் பதிப்பில் நிலைபெற்ற ரெக்கோர்ட் என்னும் அமைப்பைப் பல இடங்களிற் பயன்படுத்தியிருந்தாள். ஓர் இரவில் அனைத்தையும் திருப்பி எழுதுவது இயலாத காரியம். ஆகவே ஆசிரியை தொகுதிக் கோப்பு வழியையே தேர்ந்தார். மறுநாட் காலையில் செய்நிரல் இயங்கிற்று. மாணவி அதனை விளக்கிக் கூறிய பின்னர், பழைய பதிவேட்டையும் திறந்து, அதற்குக் குறைவு ஏதும் நேரவில்லை என்பதை ஆசிரியை உறுதிப்படுத்திக்கொண்டார்.

உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. பொதுப் பதிப்பின் பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவது நிர்வாகியின் கடமை; தனிக் கோப்புறையில் உள்ள பதிப்பை அவர் அறியார். ஜாவாவுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் ஆகிய மாதங்களில் வெளிவருகின்றன. தனிப் பதிப்பை வைத்திருப்பவர் அவற்றைத் தாமே பெற்று மாற்றவேண்டும். தேவை முடிந்ததேல் அகற்றிவிட வேண்டும். கவனிப்பாரற்ற தொட்டியில் நுளம்பு பெருகும்.

சில நிறுவனங்கள், பயன்படுத்துநரின் கோப்புறையிலிருந்து எந்தச் செய்நிரலும் இயங்கலாகாது என்று தடை விதித்திருக்கும். அத்தடையைச் சுற்றிச் செல்ல உபாயம் தேடுவது முறையன்று. அங்கே செய்யத்தக்கது, நிர்வாகிக்குத் தெளிவானதொரு கடிதம் எழுதுவதே. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எத்துணைக் காலத்துக்கு, பழைய பதிப்பை நீக்காமலே வைக்கலாமா என்பவற்றை அது கூறவேண்டும். கணினி ஓடவில்லை என்று மட்டும் எழுதும் முறைப்பாடு மேசையிற் கிடக்கும். 61 என்றும் 52 என்றும் எண்களைக் குறித்து எழுதும் கடிதத்துக்கு விரைவில் விடை கிடைக்கும்.

அவ்வாசிரியையும் மதிப்பீடு முடிந்த அன்றே ஒரு கடிதம் எழுதினார். தமது கோப்புறையில் செய்ததை அதில் மறையாது குறித்தார். கடவுச்சொல் எழுதிய தாளை அலுமாரிக் கதவிலிருந்து எடுத்துவிடுதல் நலம் என்பதையும், எவரையும் குறைகூறாது, ஒரு வரியிற் சேர்த்தார். பங்குக் கிணறு பங்குக் கிணறாகவே இருந்தது, தொட்டியும் நிறைந்தது.