கந்தகத் தூளும் கோதுமைத் தாளும்



பட்டமளிப்பு மேடையில் பூஞ்சணத்தைப் பற்றியா பேசுவது என்று முன்வரிசையில் ஒரு முனகல். விவசாயம் படித்தவர்கள் நீங்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. மரம் இலை கொட்டித் துளிர்க்கையில் கொழுந்தில் வெள்ளை படியும். ஓயிடியம் என்கிற பூஞ்சணம் அது. பிஞ்சு இலை சுருண்டு உதிரும், பாலும் குறையும். மலாயாத் தோட்டங்களில் அதற்குக் கந்தகத் தூள்தான் மருந்து. காற்று அசையாத விடியலில், இலையில் பனி காயுமுன் இயந்திரத்தால் பீய்ச்சுவார்கள். அப்பாவின் சட்டையை அம்மா மற்ற துணியோடு சேர்க்கவே மாட்டார். அலசிய வாளியில் மஞ்சள் வண்டல் நிற்கும்.

அதே கந்தகம் நிலக்கரிப் புகையாக ஏறிப் பயிர்மேல் இறங்கினால்? யாரும் கேட்காமலே ஊர் முழுக்க மருந்தடித்த கதைதான். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து வருகிறது. அறுத்த தாளையும் மணியையும் காயவைத்து, ஆண்டு எழுதி, அடைத்து வைத்தார்கள். டிஎன்ஏ என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம். 2005-இல் வெளியான ஆய்வுக்காக அந்தப் பழந்தாளிலிருந்தே பூஞ்சண டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். கோதுமை இலையைக் கருக்கும் இரண்டு பூஞ்சணங்கள், பங்காளிகள் மாதிரி. மழையும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஆட்டிப்பார்த்தன. ஆனால் எது ஓங்கியது என்ற நெடுங்காலப் போக்கு கந்தக டையாக்சைடின் ஏற்ற இறக்கத்தோடுதான் போனது. புகை உச்சத்திலிருந்த 1970 வாக்கில் ஒன்று கோலோச்சியது. காற்று தெளியத் தெளிய மற்றது இடத்தைப் பிடித்தது. நோய் ஒழியவில்லை, ஆள்தான் மாறியது.

அதற்காகப் புகையே நல்லது என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். 1952-இல் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

நம் புக்கிட் பெலண்டோக்கும் புகை பார்த்த ஊர். 1997-இல் இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகைமூட்டம், அடுத்த ஆண்டுக் கடைசியில் நிபா வைரஸ் நோய். மலேசியாவில் 105 உயிர்கள் போயின. அந்த வைரஸைச் சுமந்த பழந்தின்னி வௌவால்களைப் புகைதான் விரட்டிப் பன்றிப் பண்ணைப் பக்கம் கொண்டுவந்தது என்றார்கள் சில ஆய்வாளர்கள். பண்ணைக்குள் நட்ட மாமரங்களே போதுமான காரணம் என்றார்கள் வேறு சிலர். வாதம் முடிந்தபாடில்லை.

அந்தப் புகைமூட்டத்தில் நின்ற கித்தா இலை, நெல் தாள், ஏதாவது ஒன்றைக் காயவைத்து, தேதி எழுதி எடுத்து வைத்தவர் இந்த மண்டபத்தில் உண்டா? நானும் வைக்கவில்லை. உதிர்ந்ததையெல்லாம் முற்றத்தில் கூட்டிக் குவித்து, கொளுத்திவிட்டு, கண் எரிகிறதென்று கதவைச் சாத்திக்கொண்டோம்.