தராசு சொல்லாத கணக்கு

சங்கரன்கோவில் பக்கம் கறிக்கோழி வளர்க்கிற ஒருவர் கால்நடை மருத்துவரிடம் போனார்.

"ஐயா, மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு எல்லாம் குறைவில்லாமதான் போடுதேன். ஆனா குஞ்சுக எந்திரிச்சு நடக்க மாட்டேங்குதே!"

மருத்துவர் ஒரு குஞ்சின் அலகை அழுத்திப் பார்த்தார். மெத்தென்று வளைந்தது.

"பாஸ்பரஸ் பத்தலைங்க."

"சோளத்துலதான் பாஸ்பரஸ் இருக்குன்னு சொல்லுதாங்களே?"

"இருக்கு. ஆனா பூட்டிக் கிடக்கு!"

உண்மைதான். தானியத்திலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 'பைட்டேட்' என்ற வடிவில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி 'பைட்டேஸ்' என்ற நொதி. அது கோழிக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. அதனால்தான் தீவனத்தில் அந்த நொதியையோ, டைகால்சியம் பாஸ்பேட்டையோ கலக்கிறார்கள்.

பொரிக்கும்போது சுமார் 40 கிராம் இருக்கிற குஞ்சு, ஆறே வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுகிறது. அந்தப் பாரத்தை எலும்புதானே தாங்க வேண்டும்? பாஸ்பரஸ் குறைந்தால் தீனி எடுப்பது குறையும், வளர்ச்சி குன்றும், கால் வளையும்.

"அப்போ அள்ளிப் போட்டுரவா?"

அதுவும் கூடாது. கால்சியம் இரண்டு பங்கென்றால், உடம்பில் சேரும் பாஸ்பரஸ் ஒரு பங்கு. இதுதான் பொதுவான கணக்கு. மிஞ்சினால் எச்சத்தோடு வெளியேறிக் குளத்தில் பாசியை வளர்க்கும், காசும் வீண்.

இன்னொன்று: எடை கூடப் போதுமான பாஸ்பரஸ், எலும்பு உறுதிப்படப் போதாது. ஆகவே பண்ணைக்காரர்களே, தராசை மட்டும் பார்க்காதீர்கள். கோழியின் நடையையும் பாருங்கள்!