தேடலும் தெளிவும்



இன்றைய கல்லூரி மாணவர்க்குத் தேடுவதில் அச்சமில்லை. கைப்பேசியில் இரண்டு சொற்களை இட்டால் நொடிப்பொழுதில் விடைகள் வந்து குவிகின்றன. நூலகத்தின் நூற்பட்டியல் முன் தயங்கி நிற்கும் அதே மாணவர், இணையத்தின் முன் அரசரைப் போல் அமர்ந்திருக்கிறார்.

அத்துணிவு வரவேற்கத்தக்கதே. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை உலகெங்கும் விலையின்றிக் கொண்டு சேர்த்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழம்பதிப்புகளின் பக்கங்களைப் படமாகவே காணலாம். சிற்றூர் மாணவர்க்கு இவை பெருங்கொடை.

ஆயினும், துணிவு வேறு, தேர்ச்சி வேறு. சீர் பிரித்த பதிப்பிலுள்ள தொடரை அப்படியே இட்டுத் தேடினால், சந்தி சேர்ந்த பதிப்பில் அது அகப்படாமற் போகலாம். சாமிநாதையர் பெயரையே சிலர் சேர்த்தும் சிலர் பிரித்தும் எழுதுகின்றனர். படமாக மட்டுமே ஏற்றப்பட்ட பக்கத்தினுள் இருக்கும் சொல் தேடலுக்கு எட்டுவதே இல்லை. திரையில் தோன்றாததை, உலகிலேயே இல்லாதது என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார். பிழை அங்கேதான் பிறக்கிறது.

தேடலின் இலக்கணத்தை உ.வே.சாமிநாதையரிடம் கற்கலாம். 1894இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டார், பாடவேறுபாடுகளைக் குறித்தார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்கள் சிதைந்திருந்தன. அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்ப அவர் முனையவில்லை. எது கிடைத்தது என்பதைப் போலவே எது கிடைக்கவில்லை என்பதும் ஆய்வின் பயனே. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவியோ, இல்லாத பாடலுக்கும் தடுமாற்றமின்றிப் பொருளுரைத்துவிடக் கூடியது. வெறும் மூலத்தை மட்டும் திரையில் படிக்கும் மாணவர், அடிக்குறிப்பில் இருந்த ஐயங்களை அறியாமலே உறுதி கொள்கிறார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் இருந்த சீர்காழி எஸ்.ஆர்.அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் வாசகரின் காலத்தைக் காப்பதையும் ஒன்றாக வைத்தார். இணையம் நொடிகளை மிச்சப்படுத்துகிறது. வந்தவர் உண்மையில் எதைத் தேடுகிறார் என்று கேட்டறியும் நல்ல நூலகரோ மாதங்களை மிச்சப்படுத்துகிறார். தேடிய நூலுக்கு அருகில் தேடாத நூலொன்றையும் அலமாரி காட்டுகிறது. ஆகவே, இணையத்தை வாயிலாகவும் நூலகத்தை இல்லமாகவும் கொள்ள மாணவர்க்குக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. சிற்றிதழில் ஒருமுறை அச்சேறி மறைந்த கவிதையை நாளைய மாணவர் எங்கே தேடுவார்? கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர், நூல்களோடு இதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டி வைத்தார்; அத்திரட்டே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாய் மலர்ந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் நூலின் படியொன்று கன்னிமாரா நூலகத்திற்குச் சேர வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டத்தின் வெளியீடுகள் அனைத்தும் அங்கு சேரட்டும். வடுப்படாத மின்படிகளும் எழுத்தால் தேடத்தக்க வகையில் ஏறட்டும். தேடுபவர்க்குத் துணிவு இருக்கிறது. தேடிக் கிடைக்குமாறு வைப்பது படைப்பவர் பொறுப்பு.