பிளேன்டீ குடித்த தம்பியிடம் சொல்லாமல் விட்டது

(தோட்ட நலன்புரி மண்டபத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு எங்களுடைய ஒரு பிழையைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கப்போகிறோம்.

கொஞ்ச நாளைக்கு முன்பு ஓர் அலுவலாக ஹெந்தளைக்குப் போயிருந்தோம். கொழும்புக்கு அடுத்து, வத்தளைப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே 1708இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினோம். பக்கத்தில் ஒரு தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு படை; ஐந்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரியது.

அவிசாவளையில் தேத்தண்ணிக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். பிளேன்டீ கிளாஸ் கொதிக்கக் கொதிக்க வந்தது. நாங்கள் சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்தோம். அந்தத் தம்பியோ உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். விரலில் ஒரு தீக்கொப்புளம். அது இருப்பதே அவருக்குத் தெரியாத மாதிரி இருந்தது.

சொல்ல வாயெடுத்தோம். "முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டால்? வெறும் தேமலாக இருந்தால் நமக்கல்லவா வெட்கம்?" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டோம். கினிகத்தேனையில் அவர் இறங்கிப் போய்விட்டார். ஹெந்தளையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே இப்படிச் செய்தோம். இன்னும் மனசு உறுத்துகிறது.

நமது முன்னோர் இந்தப் பேச்சை எடுக்கப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1901இல் வந்த சட்டப்படி, தொழுநோய் என்று தெரிந்தால் ஆளைப் பிடித்து அடைத்துவைக்கலாம். ஹெந்தளைக்கோ, மட்டக்களப்பு மாந்தீவுக்கோ அனுப்பிவிடுவார்கள். நோய் மாறிய பின்னும் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே கிழடாகிப்போனவர்கள் பலர். அந்தக் காலத்தில் பக்கத்து லயத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு குடும்பமே உடைந்து போகும். அதனால் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் அன்றைக்குத் தர்மமாகத் தெரிந்தது.

இன்றைக்குக் கதை வேறு. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து 1983 முதல் இலங்கையில் கொடுக்கப்படுகிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் குளிசை. காசில்லை. வீட்டிலேயே இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டு குடிக்கலாம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். கை பட்டவுடன் ஒட்டுகிற வியாதியும் இல்லை. மருந்தெடுக்காத ஆளோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான் தொற்றக்கூடும். அப்போதும் பெரும்பாலானோர் உடம்பில் இதைத் தாங்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. இது சாபமுமில்லை, பரம்பரை வியாதியுமில்லை. இது ஒரு கிருமியால் வருவதென்று 1873இல் நோர்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார்.

1995இல் இலங்கை இந்நோயைப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகக் கொண்டுவந்தது. அதோடு ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். இன்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதியவர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. கிருமி உடம்புக்குள் வந்து அடையாளம் காட்ட ஐந்து வருஷமோ, சிலருக்கு இருபது வருஷமோ ஆகலாம். பிந்தினால் நரம்பு கெட்டுப்போகும். கிருமியை மருந்து கொல்லும். மடங்கிய விரலைப் பழையபடி நிமிர்த்தாது. கொழுந்து பறிக்கிற கைக்கு விரல் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, அன்றைக்குச் சும்மா இருந்தது இரக்கம். இன்றைக்குச் சும்மா இருப்பது இரக்கமில்லை.

சரி, எப்படிச் சொல்வது? நாலு பேர் முன்னால் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வியாதியின் பெயரைச் சொல்லாதீர்கள். நாம் டாக்டரில்லை. தேமலும் படையும் எத்தனையோ விதம். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "தம்பி, கோபிக்காதீங்க. கையில ஒரு படை பார்த்தேன். தொட்டா உணர்ச்சி தெரியுதா? இல்லாட்டி ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. காசு செலவில்ல, மருந்து இருக்கு." அவ்வளவுதான். "உங்க வேலையைப் பாருங்க" என்றால் வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள். பிறகு அதைப் பீலிக்கரையிலும் கொழுந்து மடுவத்திலும் கதையாக்காதீர்கள். அவர் காதில் சொன்னால் உதவி. ஊருக்குச் சொன்னால் அது இன்னொரு ஹெந்தளை.

நம் வீட்டையும் பார்ப்போம். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகைப் பாருங்கள். வெளிறிய அல்லது சிவந்த படை, அதில் தொட்டது தெரியாமை, கை கால் விறைப்பு, சுட்டும் வலிக்காத காயம் — இதில் ஒன்று இருந்தாலும் தோட்ட டாக்டரிடமோ, மருத்துவிச்சியம்மாவிடமோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அனுப்பிவைப்பார்கள். தனியே போகக் கூச்சமென்றால் எங்களிடம் வாருங்கள், கூடவே வருகிறோம்.

அந்தத் தம்பியிடம் வேறு யாராவது சொல்லியிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம். அடுத்த பஸ்ஸில் நீங்கள் இருந்தால், சொல்லிவிடுங்கள்.