பாட்டனைத் தேடும் பேரர்கள்



நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பெருகி ஓடும் ஆற்றின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அங்கே ஒரு சிறு ஊற்றும் சேறும்தான் இருக்கும். முனிவர் ஒருவரின் பிறப்பைத் துருவிப் பார்த்தால், சொல்லக் கூசும் செய்தி ஏதேனும் வெளிப்படலாம். வந்த வழியைக் கிளறாதே, வாழும் வாழ்வைப் பார் என்பதே அதன் கருத்து.

ஆனால் நமக்குத் தெற்கே இருக்கும் ஆஸ்திரேலியாவில் நதிமூலம் பார்ப்பதையே பலர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தாதியர், விவசாயிகள், இல்லத்தரசிகள். என் பாட்டனுக்குப் பாட்டன் யார், எந்தக் கப்பலில் வந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று தேடுவதுதான் அவர்கள் வேலை. ஆகஸ்ட் மாதத்தைக் குடும்ப வரலாற்று மாதமாகவே அந்த நாட்டில் கொண்டாடுகிறார்கள். இன்று இந்த மனிதர்களைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

ஒரு சிற்றூர் நூலகத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். காலை பத்து மணி. நீண்ட மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர். மேசைமேல் தேநீர், பிஸ்கட்டுகள், பழுப்பேறிய புகைப்படங்கள், தடித்த கோப்புகள். பேச்சு வானிலையில் தொடங்குகிறது, மூட்டுவலிக்குப் போகிறது, பேரப்பிள்ளையின் திருமணத்தைத் தொட்டுவிட்டு, மெல்ல 1850ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது.

"என் கொள்ளுப்பாட்டி மூன்று பத்திரங்களில் மூன்று வயது சொல்லியிருக்கிறாள். எதை நம்புவது?" என்று ஓர் அம்மையார் கேட்கிறார். "கல்யாணத்தன்று சொன்ன வயதை மட்டும் நம்பாதீர்கள்!" என்கிறார் எதிரில் இருப்பவர். எல்லாரும் சிரிக்கிறார்கள். இன்னொருவர், "உங்கள் குடும்பத்தார் புதைக்கப்பட்ட ஊர் என் மகள் வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் போகும்போது கல்லறையைப் படம் எடுத்து வருகிறேன்" என்கிறார். முன்பின் அறியாத ஒருவருக்காக, யாரோ ஒருவருடைய கல்லறையைத் தேடிப் புல்லை விலக்கிப் படம் எடுத்து வருவார். கைம்மாறு எதுவும் எதிர்பார்க்க மாட்டார். நாளை அவருக்கு வேண்டிய செய்தி வேறொருவர் கோப்பில் இருக்கக்கூடும் அல்லவா?

வெறும் அரட்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆவணக் காப்பகத்தில் ஆறு மாதம் தேடியும் கிடைக்காத ஒன்று, சில வேளைகளில் இப்படிப்பட்ட பேச்சில் அகப்பட்டுவிடும்.

சரி, ஆஸ்திரேலியர்களுக்கு ஏன் இத்தனை ஆவல்? இதை அறிய அந்த நாட்டின் பழைய கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1788ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரிட்டனிலிருந்து பதினொரு கப்பல்கள் இன்றைய சிட்னி நகரம் இருக்கும் கரைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். அதுதான் தொடக்கம். 1868இல் கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவை அடையும் வரை, எண்பது ஆண்டுகளில் 160,000க்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் இப்படி நாடு கடத்தப்பட்டார்கள். ஒரு கைக்குட்டை, ஓர் ஆடு, சில முழம் துணி ஆகியவற்றைத் திருடியவர்களும் அவர்களுள் உண்டு. தண்டனை முடிந்த பின் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே உழுதார்கள், மணந்தார்கள், பிள்ளை பெற்றார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது, தந்தை விலங்கோடு வந்தவர் என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். அதைக் கறை என்றே ஊரார் சொன்னார்கள். ஆகவே கதையை மாற்றினார்கள். கைதியாக வந்தவர் கப்பல் மாலுமியானார், சிப்பாயானார், சொந்தச் செலவில் குடியேறிய கனவான் ஆனார். வான் டீமன் நிலம் என்று பெயர் பெற்றிருந்த தீவில் 1853இல் கைதிகள் வருவது நின்றது. 1856இல் அந்தத் தீவே டாஸ்மேனியா என்று பெயரை மாற்றிக்கொண்டது. பழைய பெயரோடு பழைய அவமானமும் போகட்டும் என்ற எண்ணம். ஒரு தலைமுறை மறைத்தது; அடுத்த தலைமுறை மறந்தது; மூன்றாம் தலைமுறைக்கு ஒன்றும் தெரியாமலே போயிற்று.

1932இல் சிட்னியில் ஆஸ்திரேலிய மரபுவழி ஆய்வாளர் சங்கம் தோன்றியது. முதற்கப்பல்களில் வந்தோரின் சந்ததியார் 1968இல் தங்களுக்கென ஒரு கழகம் அமைத்தார்கள். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவரின் குடும்பக் கதையான 'ரூட்ஸ்' என்னும் நூலும் தொலைக்காட்சித் தொடரும் உலகெங்கும் இந்த ஆவலைக் கிளப்பிவிட்டன. பின்னர் 1988இல் ஆஸ்திரேலியா இருநூறாம் ஆண்டு விழாக் கொண்டாடியது. இதற்குள் காற்று திசை மாறிவிட்டது. ஒரு காலத்தில் கைதிப் பாட்டனை ஒளித்தவர்களின் பேரர்கள், "எங்கள் குடும்பத்தில் ஒரு கைதியாவது இருக்க மாட்டாரா?" என்று ஆசையோடு தேடத் தொடங்கினார்கள்! கிடைத்தால் நண்பர்களைக் கூட்டி விருந்தே வைக்கிறார்கள்.

மேரி வேட் என்ற சிறுமியின் கதையைக் கேளுங்கள். இலண்டன் தெருக்களில் வளர்ந்த ஏழைப் பெண். இன்னொரு சிறுமியின் உடைகளைப் பறித்துக்கொண்டாள் என்பது குற்றச்சாட்டு. 1789ஆம் ஆண்டு ஜனவரியில் அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அப்போது அவளுக்கு வயது பதினான்குகூட நிரம்பவில்லை. பிறகு தண்டனை ஆயுள்கால நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 'லேடி ஜூலியானா' என்ற கப்பலில் 1790இல் சிட்னி வந்து சேர்ந்தாள். இருபத்தொரு பிள்ளைகளைப் பெற்றாள் என்கிறார்கள். 1859இல் அவள் கண்மூடியபோது அவளுடைய வழித்தோன்றல்கள் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்களாம். அந்த வழியில் வந்தவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய ஒரு தெருச்சிறுமியின் வழியில் ஒரு பிரதமர்! இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இத்தனை செய்திகள் எப்படிக் கிடைக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். கைதிகளை அனுப்பிய அரசாங்கம் ஒவ்வொருவரையும் பற்றி எழுதி வைத்தது. உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், உடலில் உள்ள தழும்பு, பச்சை குத்திய நங்கூரம், காதலியின் பெயரின் முதலெழுத்து ஆகிய எல்லாம் ஏட்டில் உண்டு. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியவை அவை. இன்று பேரனுக்குப் பாட்டனின் முகத்தைக் காட்டுவதும் அதே ஏடுதான்! ஆஸ்திரேலியக் கைதிகளின் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

அடுத்தது பிறப்பு, இறப்புப் பத்திரங்கள். டாஸ்மேனியாவில் 1838 முதலும், விக்டோரியாவில் 1853 முதலும், நியூ சவுத் வேல்ஸில் 1856 முதலும் அரசாங்கமே இவற்றைப் பதிந்து வருகிறது. விக்டோரியாவின் பழைய மரணப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் அது ஒரு குட்டி வாழ்க்கை வரலாறு. இறந்தவரின் பெற்றோர் யார், எங்கே பிறந்தார், எத்தனை ஆண்டு இந்தக் குடியேற்றத்தில் வாழ்ந்தார், யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு பெரிய குறையும் உண்டு. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பெயர் எழுதிய தாள்களை, எண்ணி முடித்ததும் அழித்துவிடுவது அந்த நாட்டு வழக்கம். 2001 முதல்தான், விரும்புவோரின் தாள்களை 99 ஆண்டுகள் பூட்டி வைத்துப் பின்னர் திறக்கும் ஏற்பாடு வந்தது.

பழைய செய்தித்தாள்களைத் தேசிய நூலகம் கணினியில் ஏற்றியிருக்கிறது. 'ட்ரோவ்' என்று அதற்குப் பெயர். மங்கிய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் பிழைபட்டுவிடும். அந்தப் பிழைகளைத் திருத்துபவர்கள் யார் தெரியுமா? நூலகத்தில் நாம் கண்ட அந்த அம்மையார் போன்றவர்கள்தாம். இரவு உணவு முடிந்து, யாரோ ஒருவரின் பாட்டனைப் பற்றிய செய்தியை வரிவரியாகத் திருத்திக் கொடுக்கிறார்கள். இப்படிப் பல கோடி வரிகள் திருத்தப்பட்டிருக்கின்றன. ஒரு காசு கூலி இல்லை!

இந்தத் தேடலுக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. உன்னிலிருந்து தொடங்கு, பின்னோக்கி ஒவ்வொரு படியாகப் போ, நடுவில் தாவாதே என்பது முதல் விதி. வீட்டில் சொல்லும் கதையைக் குறித்துக்கொள், ஆனால் ஆவணம் பார்க்காமல் நம்பாதே என்பது இரண்டாவது. உயிரோடு இருப்பவர்களின் செய்தியை ஊரறியப் பரப்பாதே என்பது மூன்றாவது. நியூ சவுத் வேல்ஸில் ஒருவர் பிறந்து நூறு ஆண்டுகள் ஆன பின்னரே அவருடைய பிறப்புப் பதிவைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கலாம். இப்போது உமிழ்நீர்ச் சோதனையால் உறவு காணும் வசதியும் வந்துவிட்டது. தந்தை என்று நினைத்தவர் தந்தையல்லர் என்று ஒருவருக்குத் திடீரெனத் தெரியவரலாம். அந்த இடத்தில் அனுபவசாலிகள் அவசரப்படுவதில்லை. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்று யோசிக்கிறார்கள். நம் ரிஷிமூலப் பழமொழியின் நியாயம் அங்கேதான் விளங்குகிறது.

நேயர்களே, சிலருக்கு இது பொழுதுபோக்கு அல்ல, உயிர்ப் பிரச்சினை. கப்பல்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் பழங்குடி மக்கள். இருபதாம் நூற்றாண்டில் அவர்களுடைய குழந்தைகளை அரசாங்கம் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போய் விடுதிகளிலும் வேற்று இல்லங்களிலும் வளர்த்தது. பெயர் மாறிற்று, மொழி போயிற்று, தாய் யாரென்றே தெரியாமற் போயிற்று. இப்படிப் பிரிக்கப்பட்டோரைச் சேர்த்துவைக்க 1980இல் 'லிங்க்-அப்' என்ற அமைப்பு தோன்றியது. 1997இல் இந்தக் கொடுமை பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. 2008 பிப்ரவரி 13ஆம் நாள் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கேட்டவர் யார்? மேரி வேட்டின் வழிவந்த அதே கெவின் ரட்! ஒருவர் தன் பாட்டியின் கதையை ஏட்டைப் புரட்டி எடுக்க முடிகிறது. இன்னொருவருக்கோ தாயின் பெயரைக் கண்டுபிடிக்கவே பாதி ஆயுள் போய்விடுகிறது.

இதைச் சொல்லும்போது என் நினைவு நம் பக்கம் திரும்புகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலிய வீரர்கள் சிறைப்பட்டார்கள். அவர்களில் பலரைச் சயாம் மரண இரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் கிராஞ்சிக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கும் வருகிறார்கள். கையில் ஒரு தாள். அதில் பெயர், படை எண், கல்லறையின் வரிசை. நேரே போய் நின்று மலர் வைக்கிறார்கள்.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாய் மடிந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் எங்கே? கல்லறை எங்கே? போனவர் திரும்பி வரவில்லை என்ற ஒரே வாக்கியத்தோடு எத்தனையோ வீடுகளில் கதை முடிந்துவிட்டது. ஏட்டில் எழுதாத பெயர், அறிந்தவர் மறைந்தால் மறைந்துவிடும்.

ஆகவே, நேயர்களே, அந்த ஆஸ்திரேலிய அம்மையார்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் எளியது. இந்த வார இறுதியில் வீட்டில் உள்ள மூத்தவர் அருகே உட்காருங்கள். உங்கள் அப்பா பெயர் என்ன, அம்மா எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி, நாளைக் குறித்து வையுங்கள். பழைய புகைப்படத்தை எடுத்து, அதில் இருப்பவர் யார் யார் என்று பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். சொல்லக் கூசும் செய்தி ஏதேனும் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கைதி என்றாலும் கூலி என்றாலும், அவர்கள் பட்ட பாட்டில்தான் நாம் நிற்கிறோம்.

ஆற்றின் தொடக்கத்தில் சேறு இருக்கலாம். இருக்கட்டுமே! ஊற்றும் அங்கேதானே இருக்கிறது?