யார் வீட்டுப் பிள்ளை?

நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று அவ்வப்போது வரும்: ‘அடையாளம் தெரியாத ஆடவரின் சடலம் மீட்பு.’ இடம் மலேசியாவில் நம் ஜார்ஜ் டவுனில் ஏதோ ஒரு பேருந்து நிறுத்தமாகவோ கடை முன் ஐந்தடி நடைபாதையாகவோ இருக்கலாம். வாரிசுகள் இருந்தால் தொடர்புகொள்ளும்படி போலீஸ் கேட்டிருக்கும். அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு சொல்லும் வராது. யார் பெற்ற பிள்ளையோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

இப்படிப் பெயரில்லாமல் கிடந்த ஒருவரின் கதை இது. 1948 டிசம்பர் 1. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் பக்கத்தில், சோமர்ட்டன் கடற்கரையில் கோட்டு அணிந்த ஓர் ஆடவர் இறந்து கிடந்தார். பணப்பை இல்லை. உடைகளில் இருந்த அடையாளத் துணிகளையும் யாரோ எடுத்திருந்தார்கள். ரயில் நிலையத்தில் அவருடைய பெட்டி கிடைத்தது. அதுவும் ஆளைக் காட்டவில்லை. உளவாளி என்றுகூடப் பலர் எழுதினார்கள். 2022-இல்தான் பேராசிரியர் டெரிக் அபட், இறந்தபின் எடுத்த அவருடைய முக அச்சில் ஒட்டியிருந்த முடியின் மரபணுவை ஆராய்ந்து, அவர் மெல்பர்னைச் சேர்ந்த மின் பொறியாளர் கார்ல் வெப் என்று அறிவித்தார். என்னை உலுக்கியது வேறொன்று. பிரிந்துபோன கணவரிடமிருந்து விவாகரத்துக் கேட்டு வெப்பின் மனைவி மனுச் செய்தது 1951-இல். கடற்கரையில் கிடந்தவரை 1949-லேயே அடக்கம் செய்துவிட்டார்கள்!

இங்கே மைகார்டு என்னும் அடையாள அட்டை உள்ளவர் என்றால் கைரேகையை வைத்துத் தேசியப் பதிவுத் துறை பெயரைச் சொல்லிவிடும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் கதை அப்படியில்லை. பலருடைய கடப்பிதழ் முதலாளியின் மேசைக்குள் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். சட்டைப்பையில் ஒரு தாளும் இல்லாமல் அவர் தெருவில் விழுந்தால், ஊரில் இருக்கும் தாய்க்கு யார் சொல்வது? பெயர் தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது: வசதியற்ற இந்தியக் குடிமகனின் உடலை ஊருக்கு அனுப்ப, 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி தூதரகம் வழியாக உதவும். பெயர் தெரியாவிட்டாலும், மலேசியாவின் 2009-ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டத்தில் காணாமல் போனவர்களுக்கென்று தனிப் பதிவு உண்டு. ஆனால் ஆளைக் காணவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால்தானே தேடல் தொடங்கும்?

ஆகவே, நேயர்களே, உங்கள் கடையில், பக்கத்து அறையில் வெளிநாட்டுத் தம்பி ஒருவர் இருந்தால், கடப்பிதழின் நகலையும் ஊர்த் தொலைபேசி எண்ணையும் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை நீங்களும் எழுதி வையுங்கள். ஓர் இரவு அவர் திரும்பவில்லை என்றால், நமக்கேன் வம்பு என்று இருந்துவிடாமல் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள்.