தாளில் எழும் வீடுகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கட்டடக் கலையைப் பற்றிப் பேசுதற்கு இம்மேடையில் ஒரு பொறியாளர் நின்றிருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டும் கணக்கேடுமாய்க் காலங் கழித்து வரும் நம்மைச் செயலாளர் அழைத்தமைக்குக் காரணம் ஒன்றே. கட்டடங்களை வரைவோர் ஒரு சாரார்; அவற்றுள் நாள் முழுதும் உழல்வோர் மற்றொரு சாரார். நாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கண்டு பேசுவதோ அரிது.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண் இந்த அகமதாபாத் நகரில் கட்டடக் கலை பயின்று வருகிறாள். இப்பொழுது நான்காம் ஆண்டு. அவள் தந்தையார் நம்மோடு ஒரே அறையில் பணிபுரிபவர். சென்ற கோடையில், இப்படிப்பை நிறுத்தி வேறொரு பட்டப் படிப்பில் மகளைச் சேர்த்து விடலாமா என்று அவர் எண்ணத் தலைப்பட்டார். "ஐந்தாண்டுப் படிப்பு; கட்டணமோ பெரிது. மூன்றாண்டு ஆகியும் ஒரு சுவர் எழுப்பக் காணோம். தாளில் வீடு கட்டுகிறாள். அட்டையில் நூலகம் கட்டுகிறாள். விடிய விடிய விழித்துச் செய்ததை ஆசிரியர்கள் அரை மணியில் குறை சொல்லி அனுப்பி விடுகிறார்கள்" என்பது அவர் மனக்குறை. பெற்ற தகப்பனுக்கு இக்குறை தோன்றாதிருந்தால்தான் வியப்பு. விடை காணும் பொருட்டு, அப்பெண் வரைந்த தாள்களை எல்லாம் நம் குடியிருப்பின் கூடத்தில் விரித்து வைத்துப் பார்த்தோம்.

அவற்றுள் ஒன்று, சிறு நகருக்கான ரயில் நிலையம். தரைப்படம், வெட்டுத்தோற்றம், முகப்பு என ஆறு தாள்கள். முகப்பிலே வானளாவ ஒரு வளைவு. அதனடியில் கண்ணாடிச் சுவர். உள்ளே விரிந்த கூடம். அங்கங்கே நிழலுருவாய் மனிதர்கள் நின்றனர். ஒருவர் கையிலும் மூட்டை இல்லை.

"அம்மா, வரிசை எங்கே நிற்கும்?" என்று வினவினோம். அவள் விழித்தாள். சீட்டு வழங்கும் சன்னல்கள் ஐந்தும் வாயிலுக்கு நேர் எதிரே இருந்தன. சன்னலுக்கு இருபது பேர் நின்றால் வரிசை வாயிற்படியைத் தொடும். வண்டி பிடிக்க ஓடுவோர் அவ்வரிசையைப் பிளந்துகொண்டுதான் நடைமேடைக்குச் செல்ல வேண்டும். கைப்பேசியிலே சீட்டெடுப்போர் பெருகியுள்ள இந்நாளிலும் வரிசை மறைந்து விடவில்லை என்பதைச் சன்னலுக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் நாம் அறிவோம். தலைச்சுமையை எங்கே இறக்குவது? இடுப்பில் குழந்தையோடு நிற்பவள் எந்தக் கையால் பணம் எடுப்பாள்? காது மந்தமான முதியவர் கண்ணாடித் துளைக்குக் குனிந்து எத்தனை முறை ஊர்ப்பெயர் சொல்வார்? இவையெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

அப்பெண் கோபித்துக் கொள்ளவில்லை. "மாமா, நான் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா?" என்றாள். நிலையத்தின் பொதுக் கூடத்தில் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்தாள். யார் வருகிறார், என்ன சுமந்து வருகிறார், எங்கே தயங்கி நிற்கிறார் என்றெல்லாம் எண்ணினாள். பின்னர் அவள் வரைந்த தாளில் சன்னல்கள் பக்கச் சுவருக்குச் சென்றன. ஒவ்வொரு சன்னலின் கீழும் மூட்டை வைக்க முழங்கால் உயரத்தில் ஒரு மேடை வந்தது. வரிசையில் நின்றபடியே வண்டி நேரப் பலகையைப் பார்க்க முடிந்தது. வளைவு மட்டும் போகவில்லை. சற்றே சிறுத்தது, அவ்வளவே. இளமைக்கு ஒரு வளைவு வேண்டியிருக்கிறது போலும்! ஆசிரியர்கள் முழுதும் மெச்சினார்களா எனின், இல்லை. அவ்வளவு பெரிய கூரையை எது தாங்கும் என்று கேட்டு மீண்டும் வரையச் செய்தார்கள்.

நண்பரிடம் நாம் கூறியது இதுதான். தாளிலே செய்த பிழையை ஓர் இரவில் மாற்றி விடலாம். அதே பிழையைக் கல்லும் கம்பியும் கொண்டு கட்டிவிட்டால் ஐம்பது ஆண்டுகள் ஊரார் அதனோடு மல்லாட வேண்டும். பிழைகள் எல்லாம் தாளிலேயே நிகழட்டும் என்பதற்காகவே ஐந்தாண்டுகள்.

இவ்வாண்டு அவளுக்குக் குடியிருப்பு வடிவமைப்பு. அறுபது குடும்பங்கள்; வீடொன்றுக்கு 30 சதுர மீட்டர். 2015இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு வைத்த உள்ளளவும் இதுவே. நம் கணக்கில் ஏறக்குறைய 323 சதுர அடி. கணக்கு நமக்குப் பழகிய தொழிலாதலின் கூட்டிப் பார்த்தோம். 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5க்கும் குறைதல் கூடாது. அடுக்களைக்கு 5, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்ததற்கு 2.8. ஆக 24.8. எஞ்சுவது 5.2 சதுர மீட்டர். நடப்பதற்கும், தண்ணீர்ப் பீப்பாய்க்கும், மாவரைக்கும் கிரைண்டருக்கும், ஈரத்துணிக்கும், மிதிவண்டிக்கும், ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கும் தாயாருக்கும் அந்த 5.2க்குள்தான் இடம்.

இந்நகரத்தாரின் முன்னோர் இக்கணக்கை வேறு வகையில் தீர்த்தனர். பழைய நகரின் போள் தெருக்களை அறியாதார் இங்கில்லை. அப்பழைய நகரை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகராக ஏற்றது. நெருங்கிய வீடுகள், ஆயினும் தெருவை ஒட்டி ஓட்லோ, நடுவே வானம் பார்த்த முற்றம், பல வீடுகளில் முற்றத்தின் கீழே மழைநீர்த் தொட்டி. ஓட்லோவில் அமர்ந்து பட்டாணி உரிக்கும் குஜராத்தி மூதாட்டியைக் காணுந்தோறும் தஞ்சைத் திண்ணைகள் நம் நினைவுக்கு வரும். வீடு சிறிதாயின் தெருவும் வீட்டின் ஓர் அறையாகும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

இவ்வுண்மையை மறவாது வரைந்தவர் பாலகிருஷ்ண தோஷி. 1962இல் இந்நகரில் கட்டடக் கலைப் பள்ளியை நிறுவியவர், 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர், 2023இல் மறைந்தார். இந்தூர் நகரில் அவர் அமைத்த அரண்யா குடியிருப்பைப் பற்றி அப்பெண் விளக்கியபோது நாம் வியந்தோம். 1980களில் அப்பணி நடந்தது. அந்நகரின் எளிய மக்கள் தாமே அமைத்துக் கொண்ட குடியிருப்புகளை ஆய்வாளர்கள் அக்காலத்தில் அளந்தனர். வாயிற்படி, மேடை, மரத்தடி, தெருவோரத்துத் தொழில் அனைத்தையும் குறித்தனர். அரண்யாவில் மிகச் சிறிய மனை ஏறத்தாழ 35 சதுர மீட்டர். அடித்தளமும் கழிப்பறையும் குடிநீர், மின்சார இணைப்பும் ஓர் அறையும் அளித்து, மீதியைக் குடியிருப்போர் தம் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டனர். அதற்கு 1995இல் ஆகா கான் விருது கிடைத்தது.

நவி மும்பையின் பேலாப்பூரில் சார்லஸ் கொரியா 1980களில் அமைத்த குடியிருப்பும் அத்தகையதே. சிறு முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள். ஒவ்வொன்றும் தன் மனையில் தனித்து நின்று வளரலாம். இன்று அங்கே பலர் பழைய வீட்டை இடித்து மாடி எழுப்பி விட்டனர். வடிவம் கெட்டதென்று சிலர் வருந்துவர். நமக்கு அவ்வருத்தம் இல்லை. சம்பளம் உயர உயர வீடும் உயர்ந்தது; மகனுக்குத் திருமணம் ஆயிற்று, ஓர் அறை கூடிற்று. அதற்கு இடம் விட்டவரன்றோ அறிந்து வரைந்தவர்!

நம் பெண்ணின் வரைபடம் இன்னும் முடியவில்லை. அறுபது வீடுகளுக்கும் முன்னே ஒரு திண்ணை வைத்திருக்கிறாள். ஆனால் நாலாம் மாடிக்குத் திண்ணை எவ்வாறு ஏறும் என்பது அவளுக்கே விளங்கவில்லை. நடைவழியை அகலமாக்கினால் செலவு கூடுகிறது; குறுக்கினால் வெளிச்சம் போகிறது. அடுத்த மாதம் ஆசிரியர்கள் முன் தாள்களை மாட்டியாக வேண்டும். தந்தையார் படிப்பை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை. கட்டணத்திற்குக் கடன் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்.

அவளுக்கு இப்பொழுது வேண்டுவது பத்து வீடுகள். சிறிய வீட்டில் ஐந்தாறு பேராய் வாழ்வோரின் வீடுகளை அளந்து வரைய விரும்புகிறாள். சுவரை மட்டுமன்று, கட்டில், பீரோ, தண்ணீர்ப் பீப்பாய், சாமி அலமாரி அனைத்தையும் அளப்பாள், இரவில் யார் எங்கே படுக்கிறார் என்றும் கேட்பாள். வீட்டுக்காரர் பெயரைத் தாளில் எழுத மாட்டாள். தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: அவள் வருகிறாள் என்று வீட்டை ஒழுங்கு செய்து வைக்க வேண்டா. கொடியில் துணி தொங்கினால் தொங்கட்டும். கட்டிலடியில் பெட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அவளுக்கு அவைதாம் தேவை.

விருப்பமுடையோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறாள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். முதல் வீட்டுக்கு நாமே வருகிறோம்.